காத்திருப்போர் பாட்டு
லுத்தரன் சபையின் அட்வெந்துப் பாடல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் கிறித்தவ இலக்கியம் என்னும் இயலுக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் செல்கின்றனர். வீரமாமுனிவரின் தேம்பாவணி, கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், பின் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு ஒரு பத்தி. அவ்வளவில் இயல் முடிந்துவிடும். அந்தப் பத்தியைப் படிப்போரிலும் பலர், பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் இவரும் ஒருவரே என எண்ணிக்கொள்வது தனிக் கதை.

லுத்தரன் சபைத் தமிழர் ஞாயிறுதோறும் கையில் ஏந்தும் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு இவ்வரலாறுகளில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், ‘ஜெர்மானியக் கீதங்களின் மொழிபெயர்ப்பு, யாப்பமைதி இல்லாதது’ என்ற ஒரு வரியோடு சரி. தேம்பாவணியைப் படித்தோர் தொகை எவ்வளவு, ஞானப்பாட்டைப் பாடியோர் தொகை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், மிகுதியாக வாயில் வழங்கிய நூலே மிகக் குறைவாக எடைபோடப்பட்டது என்பது விளங்கும்.

யானும் அந்த ஒரு வரித் தீர்ப்பை நெடுநாள் நம்பியிருந்தவனே. பிறந்த ஊர் பொறையாற்றுக்கு அருகில், சமயத்தால் சைவன், யாப்பருங்கலக்காரிகை படித்த செருக்கும் சிறிது உண்டு. இந்நகரில் அலுவலக நண்பர் ஒருவர் அழைத்தமையால் சில ஆண்டுகளாக அட்வெந்து ஞாயிறுகளில் தமிழ் லுத்தரன் ஆராதனைக்குச் சென்றுவருகிறேன். போனவன் பாட்டைத்தான் கவனித்தேன். கவனித்ததில் என் தீர்ப்பில் பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரை.

முதலில் அக்காலத்தின் இயல்பைக் காண்போம். கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முற்பட்ட நான்கு ஞாயிறுகளைக் கொண்டது அட்வெந்து. ஆகமன காலம் என்றும் திருவருகைக் காலம் என்றும் சொல்வர். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை அதன் தொடக்கம். திருச்சபையின் ஆண்டும் அன்றுதான் பிறக்கிறது. அதற்குரிய நிறம் ஊதா. விண்ணவர் பாடிய மகிமைப் பாட்டை அந்நாட்களில் பாடாமல் நிறுத்திவைப்பது பழைய முறை. பிறப்பு நாளில் அது மீண்டும் ஒலிக்கும்போது அதன் இனிமை பெருகும். ஆகவே அட்வெந்து பண்டிகையன்று. பண்டிகைக்கு முந்திய காத்திருப்பு. விருந்துக்கு முன் பசித்திருப்பதைப் போன்றது.

இன்னொன்றும் அறிதல் வேண்டும். லுத்தரன் சபையின் பழைய வாசக முறைப்படி முதல் ஞாயிறன்று படிக்கப்படுவது குழந்தை பிறந்த கதையன்று. இயேசு கழுதையின்மேல் ஏறி எருசலேமுக்குள் பவனி வந்த பகுதி. இரண்டாம் ஞாயிறன்று உலகின் முடிவைப் பற்றிய அடையாளங்கள். மூன்றாம் ஞாயிறன்று, சிறையிலிருந்த யோவான் ‘வருகிறவர் நீர்தாமா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா’ எனும் பொருள்பட ஆளனுப்பிக் கேட்ட பகுதி. நான்காம் ஞாயிறன்று அதே யோவான் ‘நான் அவரல்லேன்’ என்று சான்று பகர்ந்த பகுதி. பவனி, அச்சம், ஐயம், சாட்சி என்பது இதன் வரிசை. மாட்டுத்தொழுவமும் மேய்ப்பரும் இன்னும் வரவேயில்லை. இவ்வரிசையை மனத்தில் கொண்டாலன்றி அட்வெந்துப் பாடல்களை மதிப்பிட இயலாது. நத்தார்ப் பாட்டின் குதூகலத்தை இவற்றில் தேடி, இல்லையென்று குறைகூறுவது, பாலைப் பாட்டில் குறிஞ்சிப்பூ இல்லையெனக் குறைகூறுவதை ஒக்கும்.

இரண்டாம் ஞாயிற்றின் அப்பகுதியில் கடலும் அலையும் முழங்கி மாந்தர் கலங்குவது சொல்லப்படுகிறது. ஊர்ப்பக்கத்தில் இருந்தபோது அது எனக்கு வெறும் அலங்காரமாகவே தோன்றும். 2004 டிசம்பர் 26-க்குப் பின் தரங்கம்பாடிக் கரையைச் சேர்ந்த எவரும் அதை அலங்காரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பாட்டுக்கு வருவோம். சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706 ஜூலை 9. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பியவர்கள். கல்வி ஜெர்மனியின் ஹாலே நகரத்தோடு தொடர்புடையது. சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தேடித் தொகுத்து, 1708-இல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலே எழுதியவர். தமிழில் பாட்டு எப்படியிருக்கும் என்பதை அறியாதவர் அல்லர். எனினும் அவரும் அவர்வழி வந்தோரும் சபைக்குத் தந்தவை பெரும்பாலும் ஜெர்மானிய மெட்டுகளும், அம்மெட்டுகளுக்குள் அடைக்கப்பட்ட தமிழுமே. அவ்வழியில் மிகச் சிறந்தவர் பிலிப் பப்ரிசியஸ் ஐயர். 1742 முதல் சென்னையில் பணியாற்றி 1791-இல் மறைந்த அவர், வேதாகமத்தைத் தமிழாக்கியவர். 1779-இல் தமிழ் - ஆங்கில அகராதி வெளியிட்டவர். ஜெர்மானியக் கீதங்கள் பலவற்றைத் தமிழில் தந்தவர். வேறு சபையார் புதிய மொழிபெயர்ப்புகளுக்கு மாறிய பின்னரும் லுத்தரன் சபையார் நெடுங்காலம் அவர் வேதாகமத்தையே பற்றிநின்றனர்.

இப்பாடல்களின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. ஜெர்மானிய மெட்டுகள் பல, தாழ்ந்த தட்டில் தொடங்கி அடுத்த தட்டில் அழுந்துபவை. தமிழோ அடியின் முதலெழுத்தில் வலிமை கொள்ளும் மொழி. மோனையும் எதுகையும் அங்கேயே வீற்றிருக்கின்றன. ஆதலின் தமிழடி ஓங்க வேண்டிய இடத்தில் மெட்டுத் தாழ்கிறது; தமிழ் ஓய வேண்டிய இடத்தில் மெட்டு ஓங்குகிறது. ஜெர்மானியச் செய்யுள் அடியீற்றில் ஒலி ஒன்றிவருவதை நாடும். நம்மிடமும் இயைபுத் தொடை உண்டு. ஆனால் தமிழில் ‘-ஆர்’, ‘-ஏன்’ என வினைமுற்றுகள் தாமே ஒத்து முடிவதால் அது எளிதில் கைவந்துவிடும். எளிதில் வந்ததற்குச் சுவை குறைவு. குறிலும் நெடிலும் படும் பாடோ சொல்லுந்தரமன்று. முதற்குறில் நீண்ட சுரத்தில் விழுந்தால் ‘வரம்’ என்பது ‘வாரம்’ ஆகும். ‘மனம்’ என்பது ‘மானம்’ ஆகும். கடவுளிடம் வரம் கேட்டு நிற்பவர், கடைக்காரரிடம் தவணை கேட்பவர்போல் ஆகிவிடுகிறார்! தமிழ்ச் செவியுடையோர் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பதில் வியப்பில்லை.

லுத்தரே இதை உணர்ந்திருந்தார். இலத்தீன் இசைக்குள் ஜெர்மானியச் சொற்களைத் திணித்தால் போதாது. சொல்லும் சுரமும் அழுத்தமும் போக்கும் தாய்மொழியிலிருந்தே பிறக்க வேண்டும், அன்றேல் அது குரங்கு செய்யும் போலிச்செயல் என்ற கருத்தை அவர் 1525-இல் எழுதினார். அவர் பெயரால் அமைந்த சபையின் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ?

ஆயினும் அவரும் தம் அறிவுரையை முற்றும் கைக்கொண்டவர் அல்லர் என்பதே சுவையான செய்தி. புறவினத்தாரின் மீட்பரை வாவென்று அழைக்கும் அவரது அட்வெந்துப் பாட்டு 1524-இல் வெளிவந்தது. அது நான்காம் நூற்றாண்டின் அம்புரோசியார் இலத்தீனில் பாடிய துதியின் மொழிபெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் வைத்துக் கட்டியதால் ஜெர்மன் மொழியிலேயே சற்று விறைப்பாக நிற்பது. அந்த விறைப்பான பாட்டைத்தான் ஜெர்மானியச் சபைகள் தலைமுறை தலைமுறையாக அட்வெந்தில் பாடின. பாக் என்னும் இசைமேதை 1714-ஆம் ஆண்டு அட்வெந்து முதல் ஞாயிறுக்காக அதன்மேல் ஒரு பேரிசை கட்டினார். தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி அச்சாகி வந்ததும் அதே ஆண்டில்தான் என்பதை எண்ணுகையில் ஓர் இன்பம். ஆகவே மொழிபெயர்ப்பு என்பதாலேயே ஒரு பாட்டு இறந்துபோவதில்லை. பாடுவோர் அதைத் தமதாக்கிக்கொண்டனரா என்பதே கேள்வி.

தமிழர் தமதாக்கிக்கொண்டனரா? இதை ஏட்டில் படித்துச் சொல்ல இயலாது. சபையில் நின்று கேட்க வேண்டும்.

இந்நகரத் தமிழ் லுத்தரன் குடும்பங்களுக்குச் சொந்தக் கோயிலில்லை. வேறொரு சபையாரின் ஆலயத்தை ஞாயிறு மாலைகளில் வாங்கி ஆராதனை நடத்துகின்றனர். ரயில்வேயில் பணிபுரிவோர், படைத்துறையினர், மருத்துவமனைச் செவிலியர், எம்மைப் போன்ற அலுவலகத்தார். தஞ்சை, திருச்சி, விழுப்புரம், மதுரை எனப் பல ஊர்ப் பேச்சு. டிசம்பர் குளிரில் முக்காடும் மப்ளருமாக வந்து, காலணியை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே உள்ளே வருவர். பீடத்தருகே நான்கு மெழுகுவத்திகள். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவர். இவ்வழக்கம் மிகப் பழைமையானது என நினைப்போர் பலர். 1839-இல் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களை வளர்த்த விச்செர்ன் என்பார், பண்டிகை எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்கு நாள் எண்ணிக் காட்ட ஒரு சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டுவைத்ததே இதன் மூலம். சீகன்பால்கு இதைக் கண்டவரல்லர். கார்த்திகையில் அகல் வரிசை கண்டு வளர்ந்த நமக்கு ஒன்று, இரண்டு, மூன்று எனப் பெருகும் சுடர் புதிதாகத் தோன்றாததில் வியப்பில்லை.

பாவ அறிக்கை முடிந்து ஞானப்பாட்டின் எண் அறிவிக்கப்படும். அப்போது நிகழ்வதைத்தான் இலக்கிய வரலாற்றார் கேட்கவில்லை. மெல்ல, ஓரெழுத்துக்கு ஒரு சுரமாக, அனைவரும் ஒரே குரலில் பாடுகின்றனர். சங்கதி இல்லை, கமகம் இல்லை, முன்வரிசைப் பாடகர், பின்வரிசைக் கேட்போர் என்ற பிரிவும் இல்லை. நல்ல குரலுடையவருக்குத் தனிச் சிறப்பில்லை. கெட்ட குரலுடையவருக்கு வெட்கமுமில்லை. ஏட்டில் என் கண்ணை உறுத்திய குறில் நெடில் பிழைகள், ஐம்பது பேர் சேர்ந்து மெதுவாகப் பாடும்போது பெரிதும் கரைந்துபோகின்றன. எல்லா எழுத்தும் ஏறத்தாழ ஒரே நீளம் பெறுவதால், நெடிலாகிவிட்ட குறிலைச் செவி தானாகவே திருத்திக்கொள்கிறது. மேலும் அப்பாடல்களின் தொடரமைப்பைப் பாருங்கள். எழுவாய், பயனிலை, விளி. கொண்டுகூட்டுப் பொருள்கோளுக்கு அங்கே வேலையில்லை. எழுத்தறியாதவரும் இருமுறை கேட்டு மனத்தில் ஏற்கும் உரைநடைத் தமிழ் அது. பண்டிதர் குறையென்று கண்டதே அப்பாடலின் பணியாக இருந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஜெர்மானிய அட்வெந்து மரபின் உள்ளமைப்பையும் சொல்ல வேண்டும். கேனிக்ஸ்பெர்க் நகரின் வைசெல் என்னும் போதகர் 1623-இல் எழுதிய ஐந்து கண்ணிப் பாட்டு, வாயில்களை உயரத் திறக்கச் சொல்லித் தொடங்குகிறது. வருகிற அரசரின் இயல்பு அடுத்துவரும். பின் அவரைப் பெற்ற நாடும் நகரும் வாழ்த்தப்படும். அதன்பின் உங்கள் உள்ளத்தையே கோயிலாக்குங்கள் என்று பாட்டு உள்நோக்கித் திரும்பும். கடைசிக் கண்ணியில்தான் ‘நான்’ வருகிறது. என் நெஞ்சின் வாயில் திறந்திருக்கிறது என்கிறது. கோட்டைக் கதவில் தொடங்கி நெஞ்சக் கதவில் முடியும் இப்பாட்டின் இன்பம் அதன் நடையில் உள்ளது. கெர்ஹார்ட்டின் பாட்டு 1653-இல் வெளிவந்தது. முப்பதாண்டுப் போர் 1648-இல்தான் முடிந்திருந்தது. உம்மை எவ்வாறு எதிர்கொள்வேன் என்ற திகைப்பில் தொடங்கும் அதுவும் படிப்படியாகவே ஆறுதலுக்கு ஏறுகிறது. இத்தகைய பாடல்கள் படிக்கட்டு போன்றவை. இடைப்படிகளைப் பெயர்த்துவிட்டால் மேலே ஏற முடியாது. பின்னர் வரும் செய்திக்கு இது வேண்டுமாதலால் ஈண்டுக் குறித்தேன்.

இனிக் கீர்த்தனை. வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார். சிறுவராக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி தந்தார். சரபோஜி மன்னரோடு இளமையிலேயே பழகியவர். 1864-இல் மறையும் வரை பாடிக்கொண்டே இருந்தவர். அவர் கீர்த்தனைகளில் மோனையும் எதுகையும் தேடிவந்து அமர்ந்திருப்பதை யாரும் மறுக்கவியலாது. ஆயினும் அவருடைய பெருமையாக யான் கருதுவது சொல்லழகன்று. அட்வெந்து என்னும் அயல்நாட்டுக் காலத்துக்குத் தமிழில் முன்னமே ஓர் இலக்கிய வடிவம் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார் என்பதே.

அவ்வடிவம் குறவஞ்சி. திரிகூடராசப்பர் பாடிய குற்றாலக் குறவஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவன் பவனி வருகிறான், வசந்தவல்லி கண்டு மையல் கொள்கிறாள், பவனி கடந்துபோகிறது, அவள் நிலவையும் தென்றலையும் பழித்துக் காத்திருக்கிறாள், குறத்தி வந்து, ‘அவன் வருவான்’ எனக் குறி சொல்கிறாள். சாஸ்திரியார் 1800-இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் பவனி வருபவர் பெத்லகேம் நாதர், காத்திருப்பவள் தேவமோகினி, குறி சொல்பவள் ஞானச்சிங்கி, பறவை பிடிக்க வருபவன் ஞானச்சிங்கன். முதல் அட்வெந்து ஞாயிறன்று எருசலேம்ப் பவனி ஏன் படிக்கப்படுகிறது என்று சமயநூலார் பலவாறு விளக்குவர். தமிழ்ச் செவிக்கு அவ்விளக்கம் தேவையில்லை. பவனி கண்டவளுக்கே காத்திருப்பு உண்டு. தலைவனை ஒருமுறை கண்டிராதவள் யாருக்காகக் காத்திருப்பாள்? ஒருமுறை வந்தவர் மீண்டும் வருவார் என்பதே அட்வெந்தின் உட்பொருள் என்றால், குறவஞ்சியின் கதைக்கட்டு அதை அப்படியே தாங்குகிறது. சாஸ்திரியார் அட்வெந்துக்கெனவே இதைப் பாடினார் என்று யான் சொல்லவில்லை. அக்காலத்தின் உள்ளத்துக்கு இதைவிடப் பொருந்திய தமிழ் வடிவம் எனக்குத் தெரியவில்லை என்றே சொல்கிறேன்.

சாஸ்திரியாரைப் போற்றுவோர் ஒன்றை விட்டுவிடுவதுண்டு. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாரோடு அவருக்குக் கடும் பிணக்கு மூண்டது. பப்ரிசியஸ் வேதாகமத்தின் சொற்களை மாற்றியது, பண்டிகைப் பூ அலங்காரத்தை விலக்கியது, தமிழ்ப் பாடல்களுக்குத் தடைவிதித்தது ஆகியவற்றை அவர் எதிர்த்தார். கோயிலில் சாதி வேறுபாடின்றி அனைவரையும் ஒன்றாக அமர்த்தியதையும் அதே மூச்சில் எதிர்த்தார். முதல் மூன்றிலும் அவர் பக்கம் நியாயம் கண்டு, நான்காவதைச் சொல்லாமல் விடுவது திறனாய்வன்று. அவர் செவி பிழைபடவில்லை. அவர் இருக்கை பிழைபட்டது. அவர் எதிர்த்த சமநிலையை, அவர் போற்றிய பப்ரிசியஸ் மரபின் ஞானப்பாட்டே பாட்டளவில் தந்துவிடுகிறது என்பது விந்தை. அங்கே ஒருவர் குரலிலிருந்து மற்றவர் குரலைப் பிரித்து உட்காரவைக்க முடியாது.

கீர்த்தனை பாடப்படும்போது இந்நகரச் சபையில் நிகழ்வதையும் சொல்லிவிடுகிறேன். பல்லவி எழும்போது ஆலயமே மலர்கிறது, முகங்கள் தெளிகின்றன, தாளம் விரல்களில் இறங்குகிறது. சரணத்துக்குப் போனதும் குரல்கள் உதிர்கின்றன. இராகம் பழகிய இரண்டு மூன்று குடும்பத்தாரே பாடிமுடிக்கின்றனர். மற்றவர் அடுத்த பல்லவிக்குக் காத்திருக்கின்றனர். அழகு கீர்த்தனையில் மிகுதி. கூட்டம் ஞானப்பாட்டில் மிகுதி. இரண்டில் ஒன்றே இலக்கியம் என்று தீர்ப்பளித்தோர் அழகை மட்டும் அளந்தனர்.

அட்வெந்தின் மற்றொரு பொருள் விழிப்பு. நிக்கொலாய் என்னும் போதகர் கொள்ளைநோய் தம் ஊரைச் சூறையாடிய நாட்களை அடுத்து 1599-இல் வெளியிட்ட பாட்டில், கோட்டைக் காவலர் நள்ளிரவில் நகரத்தாரை எழுப்புகின்றனர். மணவாளன் வருகிறான், விளக்கை எடுங்கள் என்கின்றனர். இதை நம் திருப்பள்ளியெழுச்சியோடு ஒப்பிட்டு இரண்டும் ஒன்றே எனச் சொற்பொழிவாளர் கூறக் கேட்டிருக்கிறேன். மார்கழி விடியலும் டிசம்பர் ஞாயிறும் அருகருகே வருவதால் ஒப்புமை இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றல்ல. பள்ளியெழுச்சியில் அடியார் விழித்திருக்கின்றனர், இறைவனை எழுப்புகின்றனர். நிக்கொலாயின் பாட்டில் வருபவர் விழித்திருக்கிறார், ஊர் உறங்குகிறது. திருப்பாவையில் தோழியர் ஒருவரையொருவர் எழுப்புவதே சற்று நெருங்கிய ஒப்புமை. ஆங்கும் அவர்கள் கண்ணன் மாளிகைக்குத் தாமே செல்கின்றனர். இங்கோ வருபவரை எதிர்கொள்ளப் புறப்படுகின்றனர். வேற்றுமையை அறிந்து ஒப்பிடுவதே இரண்டு மரபுக்கும் செய்யும் மரியாதை.

இப்போது என் கவலை. இவ்விரு வகைப் பாட்டும் இன்று ஒருசேர நெருக்கப்படுகின்றன. டிசம்பர் பிறந்ததும் நத்தார்ப் பாட்டுகள் வந்துவிடுகின்றன. சில இடங்களில் நவம்பர் முடியுமுன்னரே. வீடுவீடாகச் சென்று பாடும் பவனி வேண்டியதே. வெளியூரில் வாழும் குடும்பங்களுக்கு அது ஆண்டில் ஒருமுறை தமிழ்க்குரல் வாசலுக்கு வரும் இரவு. முறுக்கும் தேநீரும் கொடுத்து, ஊர்ச்செய்தி கேட்டு, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைப்பர். அதைக் குறைசொல்லேன். ஆனால் ஆராதனையிலும் பிறப்புப் பாட்டே முந்திக்கொண்டால், யோவானின் ஐயம் எப்போது கேட்கப்படும்? நான்காம் ஞாயிறு பிள்ளைகளின் நாடக ஒத்திகைக்கே போய்விடுகிறது. ஞானப்பாட்டில் முதற்கண்ணியும் கடைசிக்கண்ணியும் மட்டும் பாடுவது வழக்கமாகிவிட்டது. நேரமில்லை என்கின்றனர். கோட்டைக் கதவைத் தட்டியவுடன் நெஞ்சக் கதவு திறந்துவிடுகிறது. இடையில் நடந்தது என்னவென்று பாடுவோருக்கே தெரிவதில்லை.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. அது நம் எல்லார் வீட்டிலும் உள்ளது. இங்குப் பிறந்து வளரும் பிள்ளைகள் தமிழ் பேசுவர், படிக்கத் தெரியாது. அவர்களுக்காகப் பாட்டு ஆங்கில எழுத்திலோ நாகரி எழுத்திலோ திரையில் காட்டப்படுகிறது. கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்வோரும் உளர். அவ்வெழுத்துகளில் ழகரமும் றகரமும் என்ன ஆகும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. இதில் ஒன்றைக் கவனித்தேன். கீர்த்தனையை அவ்வெழுத்தில் படிக்கும் பிள்ளைகள் சொற்பிரிப்பு அறியாமல் திணறுகின்றனர். புணர்ச்சியும் விரைவும் அவர்களை மருட்டுகின்றன. ஞானப்பாட்டையோ தட்டுத்தடுமாறியேனும் பாடிவிடுகின்றனர். ஓரெழுத்துக்கு ஒரு சுரம் என்பதால் எழுத்துக்கூட்டுவதற்கு நேரம் கிடைக்கிறது. தமிழ் வகுப்புக்கு வராத பிள்ளைகள் சிலர், எழுவாயும் பயனிலையும் அமைந்த முழுத் தமிழ் வாக்கியத்தை வாய்திறந்து சொல்வது வாரத்தில் அந்த ஒரு வேளைதான் என்று அவர்தம் தாய்மாரே என்னிடம் கூறினர். பண்டிதர் ஒதுக்கிய அம்மொழிபெயர்ப்பு, தன்னை ஆக்கியோர் எண்ணியும் பார்த்திராத வேலையை இங்கே செய்துகொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு மூன்றாம் ஞாயிறு. யோவானின் கேள்வி வாசிக்கப்பட்டது. ஐந்து கண்ணியுள்ள ஞானப்பாட்டு ஒன்றை அறிவித்த இளைஞர், ஒன்றும் ஐந்தும் பாடுவோம் என்றார். முதற்கண்ணி முடிந்தது. கீபோர்டு வாசித்தவர் கடைசிக் கண்ணிக்குக் கைவைக்குமுன், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த பொறையாற்று மூதாட்டி ஒருவர் இரண்டாம் கண்ணியை எடுத்துவிட்டார். மகன் வீட்டுக்குக் குளிர்காலத்தில் வந்தவர். கண்பார்வை மங்கியவர், திரையில் என்ன இருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது, இளைஞர் அறிவித்ததும் காதில் விழவில்லை. அவருக்குத் தெரிந்தது, ஒன்றுக்குப் பின் இரண்டு வரும் என்பது. பக்கத்திலிருந்த மருமகள் கையைத் தொட்டு நிறுத்தப் பார்த்தார். அதற்குள் பின்வரிசையில் இரு முதியவர் சேர்ந்துகொண்டனர். கீபோர்டுக்காரர் ஒரு கணம் தயங்கினார். பின் அவர்கள் சுருதியைத் தேடிப் பிடித்துக்கொண்டார். திரையில் அக்கண்ணி இல்லை. ஆகவே பிள்ளைகள் திரையை விட்டுவிட்டுப் பாட்டியின் வாயைப் பார்த்தனர்.

ஐந்து கண்ணியும் பாடினோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். தேநீர் ஆறிப்போயிருந்தது.